விரிசலின் சாட்சியம்

எங்கள் வீட்டு மாடியின் முன்புறம், தூண் எதுவும் இல்லாமல், நான்கடி தூரம் வெளியே நீளும் கான்கிரீட் தளம் ஒன்று உண்டு. அப்பா 1983-இல் கட்டிய வீடு. அத்தளத்தின் கைப்பிடிச் சுவர் வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில், மேல்விளிம்பில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும் மெல்லிய விரிசல் ஒன்று பல ஆண்டுகளாக இருந்துவந்தது. அதன் கீழ்முனை எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறுக்குக் கோடிட்டுத் தேதி எழுதிவைப்பது அப்பாவின் வழக்கம். ஏழெட்டுக் கோடுகள் இருந்ததாக நினைவு. அதை அவருடைய கிறுக்குகளில் ஒன்றாகவே நாங்கள் எண்ணியிருந்தோம்.

அப்பா மறைந்த மறு ஆண்டு, பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, கொத்தனாரிடம் சொல்லி அந்த விரிசலைக் கொத்திச் சிமெண்ட் வைத்துப் பூசச் செய்தேன். சுவர் புதிதுபோல் ஆயிற்று. இரண்டு மழைக்காலம் கழிந்தது. விரிசல் அதே இடத்தில், அதே வழியில் திரும்பி வந்து நின்றது. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தெருப் பெரியவரை அழைத்துக் காட்டினேன். அவர் விரிசலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முதலில் கேட்டது இதைத்தான்: “எத்தனை வருஷமா இருக்கு சார்? வருஷத்துக்கு எவ்வளவு இறங்குது?”

விடை சுவரில் இருந்தது. அதை நானே காசு கொடுத்துப் பூசி அழித்திருந்தேன்.

அந்தக் கேள்விக்குப் பின்னரே கான்கிரீட் விரிசல்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். தமிழ் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். ஆனால் விரிசலை வாசிப்பதும் ஒருவகை வாசிப்புத்தான் என்று இப்போது தோன்றுகிறது. கீறல், வெடிப்பு, விரிசல், பிளவு என நம் மொழி இவற்றை வேறு வேறு சொற்களால் குறிக்கிறது. மேற்பரப்போடு நிற்பது கீறல். காய்ந்த நிலத்தில் தோன்றுவது வெடிப்பு. இடைவெளி விட்டு விரிவது விரிசல். இரண்டாகவே போவது பிளவு. மூதுரையில் ஔவையார் மனிதர்தம் சினத்துக்கு உவமையாக மூன்று பிளவுகளைச் சொல்கிறார். கல்லின் பிளவு கூடுவதில்லை; பொன்னின் பிளவை உருக்கிக் கூட்டலாம்; அம்பு பாய்ந்த நீரின் பிளவு அக்கணமே மூடிக்கொள்கிறது. கான்கிரீட் இம்மூன்றில் எதைச் சேர்ந்தது? வார்க்கும்போது நீர்போல் ஓடுகிறது, இறுகியபின் கல்லாகிறது, உள்ளே உலோகமும் இருக்கிறது. அதன் விரிசல்களும் அவ்வாறே மூவகைக் குணத்தையும் காட்டுகின்றன.

கல்லாகும் நீர்

கான்கிரீட்டுக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. அழுத்தத்தை அது நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அழுத்தத்தைத் தாங்கும் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இழுவைத் தாங்கும் வலு. எனவே எங்கே இழுபடுகிறதோ அங்கே, இழுக்கும் திசைக்குக் குறுக்காக, அது விரிகிறது. ஒரு விரிசலைக் கண்டதும் அதற்குக் குறுக்காக ஒரு கோட்டை மனத்தில் வரைந்து பார்த்தால், அக்கட்டடம் எந்தத் திசையில் வருந்துகிறது என்பது புலப்படும்.

ரோமாபுரியின் பாந்தியன் கோயில் இதற்குப் பழைய சான்று. கி.பி. 125-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஹேட்ரியன் பேரரசன் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. 43.3 மீட்டர் விட்டமுள்ள அதன் குவிமாடம் கம்பி ஏதுமில்லாத கான்கிரீட்டால் ஆனது; அவ்வகையில் இன்றும் உலகிலேயே பெரியது. அடியில் கனமான கற்களையும், உச்சியை நெருங்க நெருங்க நுரைக்கல் போன்ற இலேசான கற்களையும் கலந்து ரோமானியர்கள் அதை வார்த்தார்கள். அந்த மாடத்திலும் விரிசல்கள் உண்டு. அடியிலிருந்து மேல்நோக்கி, தீர்க்கரேகைகளைப்போல் ஏறி, பாதிக்கு மேல் சென்று நின்றுவிடுகின்றன. குவிமாடத்தின் கீழ்ப்பகுதி தன் எடையால் பக்கவாட்டில் விரிய முயல்கிறது. அந்த இழுவிசையே விரிசல்களுக்குக் காரணம். விரிந்தபின் மாடம், வட்டமாக நிறுத்திவைத்த வளைவுகளின் கூட்டம்போல நின்று, சுமையைத் தடித்த சுவர்களுக்கு அனுப்பிவிடுகிறது. இழுவிசை இருந்த இடத்தில் இப்போது விரிசல் இருக்கிறது, அவ்வளவுதான். விரிசல் எல்லாம் வீழ்ச்சியின் முன்னறிவிப்பு அன்று என்பதற்கு ஏறத்தாழ 1900 ஆண்டுகளாக அக்கோயில் சாட்சி.

ரோமானியக் கான்கிரீட்டில் காணப்படும் சிறு வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளைச் சரியாகக் கலக்காததன் விளைவு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அட்மிர் மாசிக் உள்ளிட்டோர், சுட்ட சுண்ணாம்பை நீற்றாமலே சூடாகக் கலந்ததால் அக்கட்டிகள் உருவாயின என்றும், விரிசல் வழியே நீர் புகும்போது அவை கரைந்து, மீண்டும் படிகமாகி விரிசலை அடைக்கின்றன என்றும் காட்டினர். அம்முறையில் தாங்கள் வார்த்த கட்டிகளில் அரை மில்லிமீட்டர் விரிசல் ஏற்படுத்தி நீரை ஓடவிட்டபோது, இரண்டே வாரத்தில் நீர்வழி அடைபட்டதாம். ஔவையார் சொன்ன நீரின் பிளவை இது நினைவூட்டுகிறது.

19-ஆம் நூற்றாண்டில் இரும்பு உள்ளே வந்தது. பாரிசில் பூந்தொட்டிகள் செய்த தோட்டக்காரர் ஜோசப் மோனியே 1867-இல் கம்பி வைத்த தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1892-இல் பிரான்சுவா என்னபிக் தூண், விட்டம், தளம் மூன்றையும் ஒன்றாக இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இழுவிசையைக் கம்பி ஏற்கும், அழுத்தத்தைக் கான்கிரீட் ஏற்கும் என்பது ஏற்பாடு. இங்கே பலரும் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. கம்பி விரிசலைத் தடுப்பதில்லை. கான்கிரீட் மயிரிழை அளவு விரிந்த பிறகுதான் கம்பி முழுமையாகத் தன் வேலையைத் தொடங்குகிறது. கம்பியின் பணி, ஒரு பெரிய விரிசலைப் பல நுண்ணிய விரிசல்களாகப் பகிர்வதே. ஆகவேதான் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, விரிசலே கூடாது என்று சொல்லாமல், பொதுவான நிலையில் 0.3 மில்லிமீட்டருக்கு மிகக்கூடாது என்று அளவு சொல்கிறது.

நள்ளிரவில் ஒரு பாலம்

அழுத்தத்திலும் கான்கிரீட் முற்றிலும் அசையாத கல் அன்று என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களில் முதன்மையானவர் யூஜீன் ஃபிரெசினே (1879–1962). பிரான்சில் அலியே ஆற்றின் குறுக்கே லெ வூர்த்ர் என்னும் ஊரில் அவர் கட்டிய பாலம் மூன்று நீண்ட வளைவுகளால் ஆனது. நடு வளைவின் நீளம் 72 மீட்டருக்கு மேல். வளைவோ மிகத் தட்டையானது. 1911-ஐ ஒட்டிக் கட்டி முடிந்தபோது எல்லோரும் பாராட்டினர். சில மாதங்களில் வளைவுகளின் உச்சி மெல்லத் தாழத் தொடங்கியது. பதின்மூன்று சென்டிமீட்டர் வரை தாழ்ந்து, பாலத்தின் கைப்பிடிகள் வளைவதைக் கண்ணாலேயே காண முடிந்தது.

அன்றைய பாடநூல்களின்படி, சுமை மாறாவிட்டால் கான்கிரீட்டின் வடிவமும் மாறாது. ஆனால் சுமை மாறாமலே பாலம் நாள்தோறும் தாழ்ந்தது. ஃபிரெசினே யாருக்கும் சொல்லவில்லை. இரவில் சைக்கிளில் பாலத்துக்குச் சென்று, நம்பிக்கைக்குரிய சிலரை எழுப்பினார். சாரத்தைப் பிரிக்கும்போது வளைவின் உச்சியில் பயன்படுத்திய ஜாக்கிகளை மீண்டும் அதே இடத்தில் பொருத்தி, பொழுது விடிந்ததும் மூன்று வளைவுகளையும் ஒருசேர உயர்த்தினார். அன்று சந்தை நாள். வண்டிகள் வரும்போது வேலையை நிறுத்துவதும், போனபின் தொடர்வதுமாக அப்பணி முடிந்தது. பின்னர் உச்சியில் இருந்த மூட்டுகளைக் கான்கிரீட் இட்டு இறுக்கினார். பாலம் நின்றது. இரண்டாம் உலகப் போரில்தான் அது அழிந்தது. அதே முறையில் விஷி நகருக்கு அருகே அவர் கட்டிய பூத்திரோன் பாலம் இன்றும் இருக்கிறது.

நீடித்த சுமையின் கீழ்க் கான்கிரீட் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறுகிக்கொண்டே போகும் இயல்பைத் தமிழில் ‘ஊர்தல்’ எனலாம். எறும்பு ஊர்வதுபோல் கண்ணுக்குப் புலப்படாமல் நிகழ்வது. இதிலிருந்து ஃபிரெசினே பெற்ற பாடம் பெரிது. கம்பியை முன்கூட்டியே கடுமையாக இழுத்துப் பிடித்து, அதன்மூலம் கான்கிரீட்டை நிரந்தரமாக அழுத்தத்தில் வைத்திருந்தால், ஊர்தலுக்குப் பின்னும் போதிய அழுத்தம் எஞ்சும், இழுவிசை தலைகாட்டாது, விரிசலும் வராது. இந்த முன்னிழுப்பு முறைக்கு அவர் 1928-இல் காப்புரிமை பெற்றார். 1934-இல் லெ ஆவ்ர் துறைமுகக் கட்டடம் சேற்றில் தாழத் தொடங்கியபோது, இம்முறையால் அதன் அடித்தளங்களைப் பிணைத்துக் காப்பாற்றினார். அதன் பிறகே உலகம் அவரை நம்பியது.

அருவி வீடு

அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. பென்சில்வேனியாவில் பேர் ரன் ஓடையின் அருவிமேல், பிட்ஸ்பர்க் வணிகர் எட்கர் காஃப்மனுக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1935-இல் ஒரு வீட்டை வடிவமைத்தார். ‘ஃபாலிங்வாட்டர்’ என்பது அதன் பெயர். பாறையில் ஊன்றிய கான்கிரீட் தளங்கள், கீழே தூணின்றி, அருவிக்கு மேலே கைநீட்டியதுபோல் நீளுகின்றன. படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்படிக் கைநீட்டி நிற்கும் தளத்தில் இழுவிசை மேற்புறத்தில் ஏற்படும். காஃப்மன் அமர்த்திய பொறியாளர்கள், முதல் தளத்தின் விட்டங்களில் ரைட் குறித்த கம்பிகள் போதா என்று கண்டு, அவற்றை இரட்டிப்பாக்கினர். செய்தி அறிந்த ரைட் கடுஞ்சினம் கொண்டு, தம்மை நம்பாதவருக்குத் தாம் வேலை செய்வதில்லை என்று காஃப்மனுக்கு எழுதினார். அந்தக் கூடுதல் கம்பிகள் இல்லாதிருந்தால் தளம் நின்றிருக்காது என்பதே பிற்காலக் கணக்கு. 1936-இல் முதல் தளத்தின் சாரத்தைப் பிரித்தபோதே அது 44 மில்லிமீட்டர் தாழ்ந்தது. மேல்தளத்தின் கைப்பிடிச் சுவர்களில் விரிசல்கள் தோன்றின. அஞ்சிய காஃப்மன், தளத்துக்குக் கீழே ஒரு சுவரைத் தாங்கலாக எழுப்பச் செய்தார். ரைட்டோ அதன் மேல்வரிசைக் கற்களை ஓசையின்றி எடுத்துவிடச் சொன்னார். ஒரு மாதம் கழித்து அந்த இடைவெளியைக் காட்டி, சுவர் தாங்காமலே தளம் நிற்கிறது பாருங்கள் என்று வென்றார்.

அந்த வெற்றி மெய்யானதா? தளம் அன்று நின்றது உண்மை. அடுத்த அறுபது ஆண்டுகள் நிற்குமா என்பதற்கு அது விடையன்று. ஒரு மாதம் என்பது ஊர்தலுக்கு ஒரு நொடி.

என்னை மிகவும் கவர்ந்தவர் ரைட் அல்லர், காஃப்மன். ரைட்டின் மேதைமையை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. வீட்டை இடிக்கவும் இல்லை. ஆனால் 1941 முதல் 1955-இல் தாம் இறக்கும் வரை, தளங்களின் மட்டத்தைத் திரும்பத் திரும்ப அளக்கச் செய்து குறித்துவைத்தார். விரிசல்களைப் பூசுவதும், பூசியவை மீண்டும் விரிவதும் நடந்துகொண்டே இருந்தன. 1963-இல் அவர் மகன் அவ்வீட்டை மேற்குப் பென்சில்வேனியாப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்தார். 1990-களில் ராபர்ட் சில்மன் என்னும் பொறியாளரின் குழு ஆராய்ந்தபோது, தளத்தின் நுனி ஏறத்தாழ 7 அங்குலம் தாழ்ந்திருந்தது; தாழ்வது நிற்கவும் இல்லை. காஃப்மனின் பழைய அளவுகள் அப்போது உதவின. தாழ்வு எந்த வேகத்தில் வந்திருக்கிறது என்பதை அவற்றிலிருந்து அறிய முடிந்தது.

காரணமும் தெளிந்தது. மேல்மாடித் தளம் தன்னைத்தானே தாங்க வல்லதன்று. அதன் சுமை, ஜன்னல்களுக்கு நடுவே நிற்கும் மெல்லிய எஃகுச் சட்டங்கள் வழியே கீழ்த்தளத்தின் நுனியில் இறங்கியிருந்தது. தன் சுமைக்கே திணறிய கீழ்த்தளம் இருவர் சுமையைச் சுமந்துகொண்டிருந்தது. 1997-இல் தற்காலிக எஃகுத் தாங்கல்கள் வைக்கப்பட்டன. 2002-இல் தரைக் கற்களைப் பெயர்த்தெடுத்து, விட்டங்களின் பக்கவாட்டில் எஃகு வடங்களைப் பொருத்தி, அவற்றை இழுத்து இறுக்கி, கற்களை மீண்டும் பதித்தனர். ஃபிரெசினே கண்ட அதே முறை. தளத்தைப் பழைய மட்டத்துக்கு நிமிர்த்த அவர்கள் முயலவில்லை. அவ்வாறு முயன்றால் புதிய விரிசல்கள் தோன்றும். மேலும் தாழாமல் நிறுத்தியதே பழுதுபார்ப்பு. தாழ்ந்த தாழ்வு இன்றும் தெரியும். 2019-இல் அவ்வீடு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

மூடுதலும் ஆற்றுதலும்

புண்ணை மூடுவதும் ஆற்றுவதும் ஒன்றல்ல. விரிசலுக்கும் அதுவே. வார்த்த சில மணி நேரத்தில் வெயிலாலும் காற்றாலும் மேற்பரப்பு விரைந்து காய்வதால் தோன்றும் கீறல்கள் உண்டு; நம் கொத்தனார்கள் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது இத்தகைய வறட்சியைத் தவிர்க்கவே. சிமெண்ட் இறுகும்போது எழும் வெப்பத்தாலும் பெரிய கட்டுமானங்கள் விரியும்; அமெரிக்காவின் ஹூவர் அணைக்குள் ஏறத்தாழ 580 மைல் நீளத்துக்குக் குழாய்களைப் புதைத்துக் குளிர்நீர் செலுத்தியது அதனால்தான். கம்பி துருப்பிடித்தால் துரு பல மடங்கு பருத்து, உள்ளிருந்து கான்கிரீட்டை உடைக்கும். அப்போது விரிசல் கம்பியின் நெடுக்கையிலேயே ஓடும், துருக்கறையும் கசியும். அஸ்திவாரம் ஒருபக்கம் தாழ்ந்தால் ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும்.

மருந்து காரணத்தைப் பொறுத்தது. உறங்கும் விரிசலுக்கு எபாக்சிப் பிசினை அழுத்தத்தோடு செலுத்தினால் இரு பக்கமும் பொன்னைப்போல் ஒட்டிக்கொள்ளும். வெயிலுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கும் உயிருள்ள விரிசலில் அதைச் செலுத்தினால், பக்கத்தில் இன்னொரு விரிசல் பிறக்கும். அதற்கு நெகிழும் பொருளே தகும். துருவால் வந்ததென்றால் கம்பியைச் சுற்றிலும் வெட்டித் திறந்து, துருவை நீக்கி, காப்புப் பூசி, பிறகே புதுக் காரை இட வேண்டும். மேலே பூசுவது துருவைப் போர்த்தி வளர்ப்பதாகும்.

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணை நல்ல எடுத்துக்காட்டு. 1967 டிசம்பர் 11 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில், 103 மீட்டர் உயரமுள்ள அவ்வணையின் இரு முகங்களிலும் விரிசல் விழுந்தது. எபாக்சி செலுத்தி விரிசல்களை ஒட்டினார்கள். அத்துடன் விடவில்லை. அணையின் பின்முகச் சரிவு திடீரென மாறும் உயரத்தை ஒட்டியே விரிசல் விழுந்தது என்பதால், பின்புறம் முட்டுச்சுவர்கள் கட்டி அந்த வடிவத்தின் பலவீனத்தையும் நீக்கினார்கள். ஒட்டியது விரிசலை, திருத்தியது காரணத்தை.

எங்கள் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். பெரியவர் நான் பூசிய பூச்சை நீக்கச் செய்து, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் ஒட்டவைத்தார். “இது உடையலைன்னா விரிசல் தூங்குதுன்னு அர்த்தம்” என்றார். மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடி உடைந்தது. தளத்தை ஓரிடத்தில் கொத்திப் பார்த்தபோது, மேற்புறத்தில் இருக்க வேண்டிய கம்பிகள் அடியில் கிடந்தன. கான்கிரீட் போட்ட அன்று ஆட்கள் மிதித்து இறக்கியிருக்க வேண்டும் என்றார். நம் ஊரில் இது அரிதன்றாம். குழந்தைகள் ஓடியாடும் தளம். அன்றே கீழே முட்டுக் கொடுத்தோம். பிறகு நுனியில் இரு தூண்களும் ஒரு விட்டமும் எழுந்தன. இருபுறமும் தாங்கும்போது இழுவிசை அடிப்புறத்துக்கு வந்துவிடும். தவறான இடத்தில் கிடந்த கம்பி இப்போது சரியான இடத்தில் இருக்கிறது என்று அவர் விளக்கினார். வீட்டின் முகம் முன்போல் அழகாக இல்லை என்று அம்மா சொல்கிறார். உண்மைதான்.

சில மாதம் பொறுத்து, புதுக் கண்ணாடி உடையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, விரிசலுக்குள் எபாக்சி செலுத்தினோம். மேலே பூச வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். அதன் கீழ்முனையில் பென்சிலால் குறுக்குக் கோடிட்டு, தேதி எழுதினேன். இரண்டு பொங்கல் போய்விட்டது. வெள்ளையடிப்பவர்கள் அந்த ஓரடியை மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறார்கள்.